முன்னாடி சீட்டு, இப்போ இ.எம்.ஐ.: தீபாவளி ஷாப்பிங் டென்ஷனைக் குறைப்பது எப்படி?

புதுச்சேரி உப்பளத்திலிருந்து நேரு வீதி பக்கம்தான். சுப்பையா சாலையைத் தாண்டி புல்வாருக்குள் நுழைந்தால் நேரு வீதி, காந்தி வீதி, மிஷன் வீதி, பெரிய மார்க்கெட் எல்லாமே வண்டியில் சில நிமிடத் தூரம். தீபாவளிக்கு முந்தைய இரண்டு வாரங்களில் மட்டும் இந்தக் கணக்கு செல்லாது. வண்டி நிறுத்த இடம் தேடுவதே தனி வேலையாகிவிடும்.

இந்த நெரிசல் தீபாவளியோடு முடிந்துவிடும். ஆனால் இப்போது வேறொரு நெரிசல் கைப்பேசிக்குள் வந்திருக்கிறது. ‘இன்னும் 2 மணி நேரம் மட்டுமே’, ‘3 பீஸ்தான் மிச்சம்’, ‘உங்களுக்கு 50,000 ரூபாய் கடன் தயார்’ என்று காலை முதல் இரவு வரை நோட்டிஃபிகேஷன்கள். தீபாவளி முடிந்து அடுத்த மாத கார்டு ஸ்டேட்மென்ட் வந்த பிறகுதான் பலருக்கு உண்மையான தலைவலி தொடங்குகிறது.

“தீபாவளின்னா செலவு இருக்கத்தானே செய்யும்?” என்று கேட்கலாம். இருக்கும், எப்போதும் இருந்தது. மாறியிருப்பது பணம் கட்டும் வரிசை. முன்பு வருஷம் முழுக்க சீட்டு கட்டி, அந்தப் பணத்தில் தீபாவளி கொண்டாடினார்கள். இப்போது தீபாவளியைக் கொண்டாடிவிட்டு, வருஷம் முழுக்க இ.எம்.ஐ. கட்டுகிறோம். பண்டிகைக்கால மன அழுத்தத்தின் பெரும்பகுதி இந்த வரிசை மாற்றத்திலிருந்துதான் வருகிறது. இது எப்படி நடந்தது, இதிலிருந்து எப்படி வெளியே வருவது என்று பார்ப்போம்.

ஒரு நாள் விற்பனை எப்படி ஒரு மாதம் ஆனது?

2014 அக்டோபர் 6-ம் தேதி ஃப்ளிப்கார்ட் தன் முதல் ‘பிக் பில்லியன் டே’ விற்பனையை நடத்தியது. பெயரிலேயே ‘டே’ இருந்தது. ஒரே ஒரு நாள். கூட்டம் தாங்காமல் தளம் திணறியது. நிறுவனர்கள் வாடிக்கையாளர்களிடம் மன்னிப்பு கேட்டார்கள். அடுத்த ஆண்டிலிருந்து ‘டே’ என்பது ‘டேஸ்’ ஆகிவிட்டது.

2025-ல் தீபாவளி அக்டோபர் 20-ம் தேதி வந்தது. ஃப்ளிப்கார்ட், அமேசான் இரண்டின் பண்டிகை விற்பனையும் செப்டம்பர் 23-ம் தேதியே தொடங்கிவிட்டன. அதாவது பண்டிகைக்குக் கிட்டத்தட்ட நான்கு வாரங்களுக்கு முன்பே. அதற்கு முந்தைய நாள்தான் புதிய ஜி.எஸ்.டி. விகிதங்கள் அமலுக்கு வந்தன. ஏ.சி., 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டி.வி. ஆகியவற்றுக்கான வரி 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமானது. 2,500 ரூபாய் வரையிலான ரெடிமேடு துணிகளுக்கு 5% வரி என்றானது. அதற்கு முன் 1,000 ரூபாயைத் தாண்டினாலே 12% வரி.

வரி குறைந்தது நல்ல விஷயம்தான். ஆனால் அது மனதுக்குள் எப்படி வேலை செய்கிறது என்று கவனிக்க வேண்டும். வரி சேர்க்காமல் 2,000 ரூபாய் விலையுள்ள ஒரு சட்டை முன்பு 2,240 ரூபாய், இப்போது 2,100 ரூபாய். மிச்சம் 140 ரூபாய். “வரி குறைஞ்சிருக்கே, இன்னொண்ணும் எடுத்துக்கலாம்” என்று இரண்டாவது சட்டையை எடுத்தால் கூடுதல் செலவு 2,100 ரூபாய். 140 ரூபாய் மிச்சத்தைக் கொண்டாட 2,100 ரூபாய் செலவு.

அந்த அக்டோபர் மாதத்தில் மட்டும் நாடு முழுவதும் யு.பி.ஐ. மூலம் சுமார் 2,070 கோடி பரிவர்த்தனைகள் நடந்தன; மதிப்பு ரூ.27 லட்சம் கோடிக்கு மேல். பர்ஸைத் திறந்து நோட்டை எண்ணிக் கொடுக்கும்போது ‘இவ்ளோ ஆச்சா?’ என்று ஒரு கணம் கை தயங்கும். ஸ்கேன் செய்து நான்கோ ஆறோ எண்களைத் தட்டும்போது அந்தத் தயக்கத்துக்கு நேரமே கிடைப்பதில்லை.

போனஸ் ஏன் தீபாவளிக்கு முன்னாடி வருது?

தீபாவளிச் செலவையும் போனஸையும் பிரித்துப் பேச முடியாது. புதுச்சேரிக்கு இதில் நீண்ட அனுபவம் உண்டு. சவானா, ரோடியர், கெப்ளே என்று பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் இயங்கிய மூன்று பெரிய பஞ்சாலைகள், பின்னாளில் சுதேசி, ஏ.எஃப்.டி., பாரதி என்று பெயர் மாறின. 1936 ஜூலை 30-ல் போராடிய மில் தொழிலாளர்கள் மீது நடந்த துப்பாக்கிச்சூட்டில் 12 பேர் உயிரிழந்தார்கள். அதன் பிறகே இங்கே 8 மணி நேர வேலை சட்டமானது. மாதச் சம்பளம், போனஸ் என்று திட்டமிட்டு வாழும் குடும்பங்கள் இந்த மில்களைச் சுற்றித்தான் உருவாயின. ஏ.எஃப்.டி. 2020-ல் மூடப்பட்டது.

1965-ம் ஆண்டு போனஸ் சட்டம், 20 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் நிறுவனங்களில் குறைந்தபட்சம் 8.33%, அதிகபட்சம் 20% போனஸ் என்று வகுத்தது. 8.33% என்பது பன்னிரண்டில் ஒரு பங்கு. அதாவது, ஒரு மாதச் சம்பளம். கணக்கு ஆண்டு முடிந்து 8 மாதங்களுக்குள் போனஸைக் கொடுத்துவிட வேண்டும் என்பதும் சட்டம். கணக்கு ஆண்டு மார்ச் 31-ல் முடிகிறது. அதிலிருந்து 8 மாதம் என்றால் நவம்பர் 30. தீபாவளி எப்போதும் அதற்குச் சற்று முன்னால்தான் வரும். ஆகவே போனஸ் என்பது முதலாளி தரும் பண்டிகைப் பரிசு இல்லை. ஏற்கெனவே உழைத்து முடித்த காலத்துக்கான பாக்கிச் சம்பளம்.

பிறகு என்ன மாறியது? 2015 திருத்தத்தின்படி, மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவர்களுக்கே அந்தச் சட்டப்படி போனஸ் உரிமை இருந்தது. குறைந்தபட்ச போனஸைக் கணக்கிட முழுச் சம்பளத்தையும் எடுத்துக்கொள்ளவில்லை. 7,000 ரூபாய் அல்லது அரசு நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலி, இதில் எது அதிகமோ அதையே எடுத்துக்கொண்டார்கள். 7,000 என்று வைத்தால் வருஷத்துக்குக் கிடைத்தது சுமார் 7,000 ரூபாய்தான்.

தட்டாஞ்சாவடி, மேட்டுப்பாளையம், சேதராப்பட்டு தொழிற்பேட்டைகளிலோ, ஐ.டி. கம்பெனியிலோ 28,000 ரூபாய் சம்பளத்துக்கு வேலை செய்யும் ஒருவருக்கு அந்தச் சட்டத்தின் பாதுகாப்பு இருக்கவில்லை. கம்பெனி மனது வைத்தால் உண்டு. உணவு டெலிவரி செய்பவருக்கு அதுவும் இல்லை. பண்டிகை நாளில் கூடுதல் ஆர்டர் எடுத்தால் ‘இன்சென்டிவ்’. ஆனாலும் வீட்டில் எதிர்பார்ப்பு மட்டும் மாறவில்லை. “பையன் வேலைக்குப் போறான், தீபாவளிக்கு எல்லாருக்கும் எடுத்துக் கொடுப்பான்.” போனஸ் இருந்த இடத்தில் இப்போது இருப்பது கிரெடிட் கார்டு.

சீட்டு என்ன செய்தது?

உப்பளம், வம்பாகீரப்பாளையம் போன்ற பகுதிகளில் வளர்ந்தவர்களுக்கு தீபாவளிச் சீட்டைத் தெரியாமல் இருக்காது. பலகாரச் சீட்டு, பட்டாசுச் சீட்டு, பாத்திரச் சீட்டு என்று வகைவகையாக உண்டு. ஒரு தீபாவளி முடிந்ததும் அல்லது பொங்கலுக்குப் பிறகு தொடங்கும். வாரம் 50, மாதம் 300 என்று தெருவில் ஒருவர் நோட்டுப் போட்டு வசூலிப்பார். தீபாவளிக்குச் சில நாட்கள் முன்னால் எண்ணெய், கடலை மாவு, வெல்லம், முந்திரி, பட்டாசுப் பெட்டி எல்லாம் வீட்டுக்கு வந்துவிடும். வட்டிக் கணக்குப் பார்த்தால் இதில் பெரிய லாபம் கிடையாது. வேறொன்று கிடைத்தது: பண்டிகையன்று ‘எல்லாம் கட்டி முடிச்சாச்சு’ என்ற நிம்மதி.

இந்த நிம்மதியை ஆய்வாளர்களும் அளந்திருக்கிறார்கள். டிராஸன் பிரெலெக், ஜார்ஜ் லோவன்ஸ்டீன் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 1998-ல் ‘மார்க்கெட்டிங் சயின்ஸ்’ இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஒரு விடுமுறைச் சுற்றுலாவுக்கு முன்னாடியே தவணையில் பணம் கட்டுவீர்களா, போய்வந்த பிறகு கட்டுவீர்களா என்று கேட்டபோது பெரும்பாலானோர் முன்னாடியே கட்டிவிட விரும்பினார்கள். அதே கேள்வியை வாஷிங் மெஷினுக்குக் கேட்டபோது பதில் தலைகீழானது. வாங்கிய பிறகு தவணையில் கட்டுவதைப் பலர் ஏற்றார்கள்.

காரணம் எளிது. வாஷிங் மெஷின் ஒவ்வொரு தவணை கட்டும்போதும் வீட்டில் துணி துவைத்துக்கொண்டிருக்கிறது. சுற்றுலா முடிந்துபோன விஷயம். அதற்குக் கட்டும் ஒவ்வொரு ரூபாயும் வலிக்கிறது. தீபாவளியும் அப்படித்தான். பட்டாசு வெடித்தாகிவிட்டது, முறுக்கு தீர்ந்துவிட்டது, புதுத்துணி பழசாகிவிட்டது. மே மாதத்திலும் அதற்குத் தவணை கட்டிக்கொண்டிருந்தால் எரிச்சல் வராமல் என்ன செய்யும்?

பெரிய படிப்பு படிக்காத அத்தைகளும் பாட்டிகளும் இதே முடிவுக்கு நடைமுறையில் வந்து சேர்ந்திருந்தார்கள். கரைந்துபோகும் செலவுக்கு முன்பணம். நின்று உழைக்கும் பொருளுக்கு மட்டும் தவணை.

இங்கே ஓர் எச்சரிக்கையும் அவசியம். சீட்டுப் பணத்தோடு தலைமறைவானவர்கள் பற்றிய செய்தி தீபாவளியை ஒட்டி தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் திரும்பத் திரும்ப வருகிறது. ஏலச்சீட்டு நிறுவனங்கள் 1982-ம் ஆண்டு சிட் ஃபண்ட் சட்டத்தின் கீழ் பதிவு செய்திருக்க வேண்டும். முறைப்படுத்தப்படாத வைப்புத் திட்டங்களை 2019-ம் ஆண்டு சட்டம் தடை செய்கிறது. ‘கட்டுறதுக்கு இரு மடங்கு பொருள்’ என்று யாராவது சொன்னால் அங்கேயே விலகிவிடுவது நல்லது. சீட்டின் ஒழுங்கை எடுத்துக்கொண்டு, பணத்தை வங்கி அல்லது அஞ்சலக ஆர்.டி.யில் போடுவதே பாதுகாப்பான வழி.

24,000 ரூபாய் தீபாவளி: ரெண்டு கணக்கு

ஒரு குடும்பத்தின் தீபாவளிச் செலவு மொத்தம் 24,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். துணி, பலகாரம், பட்டாசு, ஊருக்குப் போய்வரும் செலவு எல்லாம் சேர்த்து.

முதல் கணக்கு: போன தீபாவளி முடிந்ததிலிருந்து மாதம் 2,000 ரூபாய் ஆர்.டி.யில் போட்டிருந்தால், 12 மாதத்தில் 24,000 ரூபாய். ஆண்டுக்கு 6% வட்டி என்றால் கூடவே சுமார் 780 ரூபாய். கையில் 24,780 ரூபாய்.

இரண்டாவது கணக்கு: அதே 24,000 ரூபாயைக் கிரெடிட் கார்டில் தேய்த்து, முழுதாகக் கட்டாமல் பாக்கியை மெல்ல மெல்ல 12 மாதத்தில் அடைத்தால்? மாதம் 3.5% வட்டி என்றால் மாதாமாதம் சுமார் 2,484 ரூபாய். வட்டி மட்டும் 5,800 ரூபாய்க்கு மேல். அந்த வட்டியின் மீது 18% ஜி.எஸ்.டி. வேறு. மொத்தம் கையைவிட்டுப் போவது சுமார் 30,850 ரூபாய்.

இரண்டுக்கும் இடையில் உள்ள வித்தியாசம் 7,600 ரூபாய்க்கு மேல். அதே துணி, அதே பலகாரம், அதே பட்டாசு. மாதம் 3.5% என்பது சின்ன எண்ணாகத் தெரியும். ஆண்டுக்கு அது 42%. கார்டு வட்டிக்கு 30% உச்சவரம்பு வைத்து தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-ல் பிறப்பித்த உத்தரவை, உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் ரத்து செய்துவிட்டது. ஆகவே அந்தத் தடுப்பும் இப்போது இல்லை.

‘மினிமம் டியூ’ என்ற வரிதான் ஸ்டேட்மென்ட்டிலேயே ஆபத்தானது. அதை மட்டும் கட்டினால் தாமதக் கட்டணம் வராது. வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். போதாததற்கு, பாக்கி இருக்கும்வரை புதிதாக வாங்கும் பொருளுக்கும் வட்டியில்லா நாட்கள் கிடைக்காது. தீபாவளிப் பாக்கி நிற்கும்போது அதே கார்டில் டிசம்பரில் போடும் பெட்ரோலுக்கும் முதல் நாளிலிருந்தே வட்டி.

‘நோ காஸ்ட் இ.எம்.ஐ.’ நிஜமாவே இலவசமா?

ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பர் 17-ம் தேதி ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. ‘ஜீரோ சதவீத இ.எம்.ஐ.’ திட்டங்களில் வட்டி, பிராசசிங் கட்டணம் என்ற பெயரில் மறைத்து வாங்கப்படுகிறது; ‘ஜீரோ வட்டி’ என்ற கருத்தே நடைமுறையில் இல்லாத ஒன்று என்று அதில் சொல்லப்பட்டது. இன்றைய ‘நோ காஸ்ட்’ திட்டத்தில் வங்கி வட்டி போடத்தான் செய்கிறது. அந்த வட்டிக்குச் சமமான தொகையை விற்பனையாளரோ தயாரிப்பாளரோ தள்ளுபடியாகத் தருகிறார்.

ஓர் உதாரணம். 24,000 ரூபாய் போன், 6 மாதம், மாதம் 4,000 ரூபாய். வங்கியின் வட்டி ஆண்டுக்கு 15% என்றால், உள்ளே இருக்கும் வட்டி சுமார் 1,016 ரூபாய். இதைத் தள்ளுபடி ஈடுகட்டிவிடும். ஆனால் அந்த வட்டிக்கான 18% ஜி.எஸ்.டி. சுமார் 183 ரூபாயை நாம்தான் கட்ட வேண்டும். பிராசசிங் கட்டணம் 199 ரூபாய், அதற்கும் ஜி.எஸ்.டி. என்றால் மொத்தம் 400 ரூபாய்க்கு மேல் கூடுதல். “முழுப் பணத்தையும் இப்பவே கட்டுறேன், எவ்வளவு குறைப்பீங்க?” என்று கடையில் கேட்டுப் பார்க்கலாம். இ.எம்.ஐ.க்காக அவர் விட்டுக்கொடுக்கத் தயாராக இருக்கும் அந்த ஆயிரம் ரூபாயில் ஒரு பகுதியாவது கிடைக்க வாய்ப்புண்டு.

ஃப்ரிட்ஜ் பழுதாகிவிட்டது, வேறு வழியில்லை என்றால் இந்த 400 ரூபாய் பெரிய விஷயம் இல்லை. ஆனால் ‘மாசம் நாலாயிரம்தானே’ என்று தோன்றவைத்து, தேவையில்லாத போனை வாங்க வைப்பதுதான் இதன் உண்மையான விலை.

திரை நம்மை எப்படி அவசரப்படுத்துகிறது?

மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30-ல் வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகள், இணையத்தில் வாடிக்கையாளரை ஏமாற்றும் 13 வகைத் தந்திரங்களைப் பட்டியலிட்டுத் தடை செய்கின்றன. இவற்றுக்கு ‘டார்க் பேட்டர்ன்’ என்று பெயர். பண்டிகைக் காலத்தில் அதிகம் கண்ணில் படக்கூடியவை நான்கு.

போலி அவசரம்: ‘கடைசி 2 பீஸ்’, ஓடும் கடிகாரம். மறுநாளும் அதே இரண்டு பீஸ் இருந்தால் சந்தேகப்படலாம்.

கூடையில் நுழைப்பது: நாம் தேர்வு செய்யாத இன்ஷூரன்ஸ், நன்கொடை, மெம்பர்ஷிப் பில்லில் தானாகச் சேர்வது.

துளித்துளியாக ஏறும் விலை: முதல் பக்கத்தில் 999, கடைசிப் பக்கத்தில் பிளாட்ஃபார்ம் கட்டணம், பேக்கிங் கட்டணம் எல்லாம் சேர்ந்து 1,120.

வெட்கப்படுத்துவது: ‘வேண்டாம்’ என்ற பட்டனுக்குப் பதிலாக ‘எனக்குப் பணத்தைச் சேமிக்க விருப்பமில்லை’ என்று எழுதி வைப்பது.

இவற்றில் ஏதாவது நடந்தால் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம்.

தள்ளுபடி சதவீதத்தையும் அப்படியே நம்ப வேண்டியதில்லை. ‘70% ஆஃப்’ என்பது பெரும்பாலும் எம்.ஆர்.பி.யிலிருந்து போட்ட கணக்கு. எம்.ஆர்.பி. என்பது அதற்கு மேல் விற்கக் கூடாது என்ற உச்ச விலை மட்டுமே. பல பொருட்கள் வருஷம் முழுக்க அதற்குக் கீழேதான் விற்கின்றன.

பிரான்ஸில் உறவினர்கள் இருக்கும் புதுச்சேரிக் குடும்பங்களுக்கு ‘சோல்த்’ தெரிந்திருக்கும். அங்கே இந்தப் பெரிய தள்ளுபடி விற்பனையை வருஷத்தில் இரண்டு முறை, அரசு நிர்ணயித்த தேதிகளில், நான்கு வாரங்கள் மட்டுமே நடத்தலாம். தள்ளுபடி என்று விளம்பரம் செய்தால், கடந்த 30 நாட்களில் இருந்த மிகக் குறைந்த விலையைக் காட்டி, அதிலிருந்துதான் தள்ளுபடியைச் சொல்ல வேண்டும் என்பது ஐரோப்பிய ஒன்றிய விதி. இதை நாமே நமக்கு விதியாக வைத்துக்கொள்ளலாம். வாங்க நினைக்கும் பொருளின் விலையை ஒரு மாதம் முன்பே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்தால் போதும். ஆஃபர் நாளில் உண்மை தெரிந்துவிடும்.

தலை தீபாவளி: சொல்ல முடியாத செலவு

எல்லா அழுத்தமும் திரையிலிருந்து வருவதில்லை. வீட்டிலிருந்து வருவதுதான் பெரிது. தலை தீபாவளி என்றால் பெண் வீட்டார் மாப்பிள்ளைக்கு மோதிரம், செயின், துணி, சீர்வரிசை என்று செய்தாக வேண்டும் என்ற எழுதாத சட்டம் இன்னும் இருக்கிறது. கல்யாணக் கடனே முடியாத நிலையில், அந்த அப்பா இன்னொரு நகையை அடகு வைக்கிறார். இதைப் பற்றி மாப்பிள்ளைக்குப் பெரும்பாலும் தெரிவதில்லை, தெரிந்தாலும் பேசுவதில்லை.

இங்கே ஒரு வார்த்தை போதும். அதைச் சொல்ல வேண்டியவர் மாப்பிள்ளை. “மாமா, மோதிரமெல்லாம் வேணாம். நாங்க ரெண்டு நாள் முன்னாடியே வந்துடுறோம், அத்தை கையால அதிரசம் சாப்பிட்டா போதும்.” தீபாவளிக்கு நாலு நாள் முன்னால் சொன்னால் பயனில்லை, அதற்குள் வாங்கியிருப்பார்கள். ஒன்றிரண்டு மாதம் முன்பே, பேச்சுவாக்கில் சொல்லிவிட வேண்டும். தன் அம்மா அப்பாவிடமும் அவர்தான் முதலில் பேச வேண்டும். அந்த வேலையை மனைவி தலையில் கட்டக் கூடாது.

உடன்பிறந்தவர்கள், அவர்களின் பிள்ளைகள் என்று பெரிய குடும்பமாக இருந்தால், எல்லோருக்கும் எல்லோரும் துணி எடுப்பதை நிறுத்தலாம். “இந்த வருஷம் பசங்களுக்கு மட்டும் எடுப்போம்க்கா” என்று ஒருவர் ஆரம்பித்தால், பல வீடுகளில் மற்றவர்களுக்கும் அது நிம்மதியாகத்தான் இருக்கும். யார் முதலில் சொல்வது என்ற தயக்கம்தான் தடை.

இந்த வருஷம் என்ன செய்யலாம்?

சீட்டும் கட்டவில்லை, ஆர்.டி.யும் போடவில்லை, தீபாவளி நெருங்கிவிட்டது என்பவர்களுக்குச் சில நடைமுறை வழிகள்.

1. முதலில் தொகை, பிறகு பட்டியல். போனஸ் அல்லது சம்பளத்தில் வாடகை, ஸ்கூல் ஃபீஸ், ஏற்கெனவே ஓடும் இ.எம்.ஐ. போக எவ்வளவு மிஞ்சும் என்று பாருங்கள். அதுதான் தீபாவளி பட்ஜெட். பட்டியல் போட்டுவிட்டுத் தொகையைத் தேடினால் கடனில்தான் முடியும்.

2. அந்தத் தொகையைத் தனியாக்குங்கள். வேறொரு சேமிப்புக் கணக்குக்கு மாற்றி, அதிலிருந்து மட்டும் யு.பி.ஐ. செய்யலாம். அல்லது பணமாக எடுத்து துணி, பலகாரம், பட்டாசு, பயணம் என்று நான்கு கவரில் போட்டு வைக்கலாம். கவர் காலியானால் கடையை விட்டு வெளியே வந்துவிட வேண்டியதுதான்.

3. ஆப்பில் சேமித்து வைத்திருக்கும் கார்டு விவரங்களை அழித்துவிடுங்கள். ‘பே லேட்டர்’ வசதியை அணைத்துவிடுங்கள். ஒவ்வொரு முறையும் கார்டைத் தேடி எடுத்து எண்ணை அடிக்க வேண்டும் என்றால், பாதி ஆர்டர் தானாக நின்றுவிடும்.

4. ஷாப்பிங் ஆப்களின் நோட்டிஃபிகேஷனை தீபாவளி முடியும்வரை நிறுத்துங்கள். தேவை வரும்போது நாம் ஆப்பைத் திறந்தால் போதும்.

5. 1,000 ரூபாய்க்கு மேற்பட்ட எதையும் கார்ட்டில் போட்டுவிட்டு 24 மணி நேரம் விட்டுவிடுங்கள். மறுநாளும் வேண்டும் என்று தோன்றினால் வாங்கலாம்.

6. நேரு வீதிக்குப் போவதாக இருந்தால், வார நாளில் காலையில் கடை திறக்கும் நேரத்துக்குப் போங்கள். கூட்டத்தில் இடிபட்டு, பசியோடு, அழும் குழந்தையோடு எடுக்கும் முடிவுகளில் ‘ஏதோ ஒண்ணு எடுத்துட்டுக் கெளம்பலாம்’ என்ற முடிவுதான் அதிகம். காந்தி வீதி ஞாயிறு சந்தையில் பேரம் பேசலாம். ஆனால் பட்டியல் கையில் இருக்கட்டும்.

7. பலகாரத்தைப் பகிர்ந்துகொள்ளுங்கள். ஒரு வீட்டில் முறுக்கு, பக்கத்து வீட்டில் அதிரசம், எதிர்வீட்டில் மைசூர்பா. மூன்று வீட்டுக்கும் மூன்றும் கிடைக்கும். மூன்று வீட்டுப் பெண்களுக்கும் அடுப்படி வேலையும் குறையும். பண்டிகைக்கால டென்ஷனில் பெரிய பங்கு வீட்டுப் பெண்களின் தலையில்தான் விழுகிறது என்பதை மறந்துவிடக் கூடாது.

ஏற்கெனவே மாட்டிக்கிட்டா?

போன வருஷப் பாக்கியே இன்னும் ஓடிக்கொண்டிருந்தால், இந்த வருஷ போனஸில் முதல் செலவு அதை அடைப்பதாக இருக்கட்டும். பல கடன்கள் இருந்தால் வட்டி அதிகமுள்ளதை முதலில் அடைப்பது லாபம். பெரும்பாலும் அது கார்டு பாக்கியாகத்தான் இருக்கும். ஆண்டுக்கு 42% வட்டி போடும் கடனை அடைப்பதைவிடச் சிறந்த முதலீடு எதுவும் கிடைக்காது.

டிஜிட்டல் கடன் வாங்கிவிட்டு உடனே மனம் மாறினால் ஒரு வழி உண்டு. ரிசர்வ் வங்கி விதிகளின்படி, கடன் தரும் நிறுவனம் குறைந்தது ஒரு நாளாவது ‘கூலிங் ஆஃப்’ அவகாசம் தர வேண்டும். அதற்குள் அசலையும், அத்தனை நாளுக்கான வட்டியையும் கட்டிவிட்டால் அபராதம் இல்லாமல் வெளியேறலாம். ஒருமுறைக்கான பிராசசிங் கட்டணத்தைப் பிடித்துக்கொள்ளலாம். எத்தனை நாள் அவகாசம், மொத்த ஆண்டு வட்டி எவ்வளவு என்பதெல்லாம் கடன் வாங்கும் முன் தரப்படும் முக்கிய விவர அறிக்கையில் இருக்கும். அந்த ஒரு பக்கத்தைப் படிக்காமல் ‘ஓகே’ கொடுக்க வேண்டாம்.

வங்கி அல்லது கடன் நிறுவனத்தின் மீது புகார் என்றால் முதலில் அவர்களிடமே எழுத்துபூர்வமாகக் கொடுங்கள். தீராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரை நாடலாம். அதற்கான தொடர்பு எண் 14448. போலி ஆஃபர் லிங்கில் பணம் போய்விட்டால், ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 1930-ஐ அழையுங்கள். கடனால் தூக்கம் போய்விட்டது, யாரிடமும் சொல்ல முடியவில்லை என்ற நிலையில் இருப்பவர்கள் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் எந்த நேரத்திலும் இலவசமாகப் பேசலாம், தமிழிலும் பேசலாம்.

அடுத்த தீபாவளி எப்போ தொடங்குது?

பழைய சீட்டுக்காரர்களுக்கு இதற்குப் பதில் தெரியும்: இந்தத் தீபாவளி முடிந்த மறுநாள். கங்கா ஸ்நானம், பலகாரம், பட்டாசு எல்லாம் முடிந்து அலுப்பாக உட்கார்ந்திருக்கும் அந்த நாளில், வங்கி ஆப்பைத் திறந்து 12 மாத ஆர்.டி. ஒன்றைத் தொடங்கிவிடலாம். மாதம் 2,000 முடியாவிட்டால் 500. அந்த வருஷ தீபாவளிச் செலவைக் கூட்டி, 12-ஆல் வகுத்தால் சரியான தொகை கிடைத்துவிடும். சம்பளம் வந்த மறுநாளே தானாகப் பிடித்துக்கொள்ளும்படி வைத்தால் மறதிக்கு இடமில்லை.

அதற்கு ‘தீபாவளி’ என்றே பெயர் வைத்துவிடுங்கள். நடுவில் ஏதோ ஒரு ஆஃபருக்காக உடைக்கக் கை போகும்போது, பிள்ளைகளின் புதுத்துணியும் அதிரசமும் ஞாபகத்துக்கு வரும்.